மிளகாய்க் காசில் எழும்பிய வீடு

எங்கள் வீட்டைப் பற்றி யாராவது கேட்டுவிட்டால், நான் சொல்லி முடிப்பதற்குள் அவர்களுடைய தேத்தண்ணி ஆறிவிடுகிறது. என் வீட்டுக்காரர் பக்கத்தில் இருந்தால் "போதும், விடும்" என்று கண்ணால் சொல்வார். நான் விடுவதில்லை. இப்போது எழுத இடம் கிடைத்திருக்கிறது, தடுக்க ஆளில்லை. வட்டக்கச்சியில், ஒரு கிரவல் ஒழுங்கையின் உள்ளே, ஐம்பது வருஷத்துப் பழைய வீடு ஒன்றை வாங்கிக் குடிவந்திருக்கிறோம். இதைவிட நல்ல வீடு வன்னிப் பெருநிலப்பரப்பில் இருந்தால் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுங்கள், பார்ப்போம்.

ஐம்பது வருஷமெல்லாம் ஒரு பழசா என்று யாழ்ப்பாணத்து ஆட்கள் கேட்பார்கள். அவர்களுக்குப் பழைய வீடு என்றால் நாற்சார் வீடு, நடு முற்றம், பூட்டன் காலத்துத் தூண். எங்கள் பக்கத்துக் கணக்கு வேறு. எங்களுக்குத் தண்ணீர் தருகிற இரணைமடுக் குளத்தின் கட்டு வேலை 1902இல் தொடங்கி 1920 மட்டும் இழுபட்டது. அதற்குப் பிறகும் இந்தப் பக்கம் கனகாலம் காடுதான். 1950களில்தான் குடியேற்றத் திட்டம் வந்து, குடாநாட்டில் காணி போதாமல் இருந்த குடும்பங்களுக்கு வயற்காணியும் மேட்டுக்காணியும் பிரித்துக் கொடுத்தார்கள். ஆகவே இந்த ஊரில் மிகப் பழைய வீட்டுக்கே ஒரு மனிதரின் வயதுதான் இருக்கும். அதிலும் எத்தனை மிஞ்சியது? போரில், 2009 ஜனவரி 2ஆம் திகதி கிளிநொச்சி விழுந்த கையோடு சனம் தர்மபுரம், விசுவமடு என்று கிழக்கே நகர்ந்தது. போகிற போதே கூரை ஓட்டைக் கழற்றி ரக்ரர் பெட்டியில் ஏற்றியவர்கள் இருக்கிறார்கள். திரும்பி வந்தபோது பலருக்குக் கிடைத்தது அத்திவாரமும் கிணறும்தான். அப்படிப்பட்ட ஊரில், தன்னுடைய சொந்த முதிரை நிலைகளோடு ஒரு வீடு நிற்கிறது என்றால் அதைப் பழசு என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

வீட்டு முகப்பில், ஓட்டுக்குக் கீழே, சீமெந்தில் 1974 என்று எழுதியிருக்கிறது. அந்த நாலு இலக்கத்துக்குள் ஒரு பெரிய கதை இருக்கிறது. 1970இல் வந்த சிறிமாவோ அரசாங்கம் வெளிநாட்டு மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் கட்டுப்பாடு போட்டது. கொழும்பில் பாணுக்கு வரிசையில் நின்ற அதே காலத்தில், கிளிநொச்சி, விசுவமடு, முத்தையன்கட்டுப் பக்கங்களில் செத்தல் மிளகாய் பொன்னாக விலைபோனது. மண் வீட்டில் இருந்தவன் கல்வீடு கட்டினான். சைக்கிளில் போனவன் ரக்ரர் எடுத்தான். 1977இல் இறக்குமதியைத் திறந்துவிட்ட பிறகு அந்தச் சந்தை படுத்துப்போனது. அந்த ஏழு வருஷத்துக்குள் யார் யார் சுவரை எழுப்பினார்களோ அவர்களுக்கு வீடு நின்றது, மற்றவர்களுக்குக் கதை நின்றது. எங்கள் வீடு மிளகாய்க் காசில் எழும்பிய வீடு. விற்ற ஆச்சிதான் சொன்னார்: "அவர் ஒவ்வொரு முறையும் மிளகாய் ஏத்திப்போட்டு வரேக்கை சீமெந்துதான் கொண்டு வருவார், பிள்ளை. எனக்கு ஒரு சீலை வாங்கிறதுக்கு வீடு முடியுமட்டும் பொறுக்க வேண்டியதாப் போச்சு."

இங்கே வருவதற்கு முன்பு கிளிநொச்சி நகரத்தில், ஏ9 வீதிக்குக் கிட்ட, ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். இரவில் லொறி, பகலில் தூசி. காணி வாங்கிப் புது வீடு கட்டுவதுதான் என் வீட்டுக்காரருடைய திட்டம். மேலே தட்டு அடித்து, தரைக்கு வெள்ளை மாபிள் பதித்து, பளபளவென்று ஒன்று. 2022 பொருளாதார நெருக்கடி அந்தத் திட்டத்தை ஆறப்போட்டது. ஒரு பை சீமெந்து மூவாயிரத்தைத் தாண்டிய நாட்களில் யார் அத்திவாரம் வெட்டுவது? அந்த நேரத்தில்தான் என்னோடு படிப்பிக்கிற ஒரு ரீச்சர் இந்த வீட்டைப் பற்றிச் சொன்னா. ஆச்சி வவுனியாவில் இருக்கிற மகனோடு போய் இருக்கப் போகிறார், நல்ல ஆளாகப் பார்த்துக் கொடுக்க நினைக்கிறார் என்று.

போய்ப் படலையைத் திறந்தோம். அவர் வீட்டைப் பார்க்கவில்லை. நேரே முன்கதவடிக்குப் போய் நிலையை விரல் மொழியால் தட்டினார். இன்னொரு தரம் தட்டினார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் மாபிள் இல்லை, தட்டு இல்லை, ஒன்றும் இல்லை. முதிரை! ஐம்பது வருஷ மழை, வெயில், ஆளில்லாமல் திறந்து கிடந்த காலம் எல்லாம் தாண்டியும் ஒரு கறையான் வாய் வைக்காத முதிரை. அதைப்போன்ற நிலை இன்றைக்குச் செய்விக்க வேண்டுமென்றால், மரத்துக்கும் அனுமதிக்கும் அலைந்தே கால் தேய்ந்துவிடும்.

ஆச்சி எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ரீச்சர், இடிச்சுப்போட்டுக் கட்டத்தான் வாங்கிறியள் எண்டா இப்பவே சொல்லிப்போடுங்கோ. நான் வேறை ஆளைப் பாக்கிறன்."

"இல்லை ஆச்சி, இருக்கத்தான்."

"அப்ப உள்ளை வாங்கோ. தேத்தண்ணி குடிச்சிட்டுக் கதைப்பம்."

விலை அந்தத் தேத்தண்ணியோடு ஏறக்குறைய முடிந்துவிட்டது. முடியாதது கடுதாசி. குடியேற்றக் காணியில் வீடு வாங்க நினைக்கிற எல்லாரும் இந்த இடத்தை இரண்டு தரம் வாசிக்க வேண்டும், ஏனென்றால் வீட்டு ஆசையில் ஏமாறுகிற இடம் இதுதான்.

எங்கள் பக்கத்துக் கொலனிக் காணிகள் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துக்குக் கீழே வருபவை. முதலில் கொடுப்பது பெர்மிட். பெர்மிட் காணியை விற்க முடியாது. ஆனாலும் வெறும் தாளில் கையெழுத்து, ஒரு சத்தியக் கடதாசி, இரண்டு சாட்சி என்று கைமாறிக்கொண்டுதான் இருக்கிறது. காசு கொடுத்தவருக்கு இருக்க இடம் இருக்கும், உரிமை இருக்காது. பெர்மிட்டின் நிபந்தனைகளை நிறைவேற்றியவர்களுக்குப் பிறகு அளிப்புப் பத்திரம் கிடைக்கும். ஜனாதிபதியின் கையெழுத்தோடு வருவது. அளிப்புக் காணியை விற்கலாம், ஆனால் பிரதேச செயலாளரின் எழுத்து மூலமான சம்மதத்தை முதலில் எடுக்க வேண்டும். அது இல்லாமல் நொத்தாரிசு எவ்வளவு அழகாக உறுதி எழுதினாலும் அது செல்லாது. ஆச்சியிடம் அளிப்புப் பத்திரம் இருந்தது. பிளாஸ்ரிக் பையில் சுற்றி, அதைச் சீலைத் துணியில் சுற்றி, வயிற்றோடு கட்டிக்கொண்டு முள்ளிவாய்க்கால் மட்டும் போய், மெனிக் பாம் முகாமில் தலைமாட்டில் வைத்துப் படுத்து, திரும்பக் கொண்டுவந்திருக்கிறார். தங்கச் சங்கிலியை விற்றார், இதை விடவில்லை. அந்தப் பத்திரத்தைக் கையில் வாங்கியபோது நான் சும்மா ஒரு வாங்குபவளாக நின்றுகொண்டிருக்க முடியவில்லை.

இன்னொரு விஷயமும் அப்போதுதான் படித்தேன். காணி முதலில் ஆச்சியின் தகப்பனாருக்குக் கிடைத்தது. அவர் உயிரோடு இருக்கும்போதே மகளைப் பின்னுரித்தாளராகப் பதிந்திருக்கிறார். அப்படிப் பதியாமல் விட்டிருந்தால், சட்டத்தின் அட்டவணைப்படி பிள்ளைகளுக்குள் ஆண் பிள்ளைக்குத்தான் முதலிடம் போயிருக்கும். 2022இல் செய்த திருத்தத்தில்தான் அந்த வேறுபாட்டை எடுத்தார்கள். யாழ்ப்பாணத்துத் தேசவழமை பெண் பிள்ளைக்குச் சீதனமாகக் காணியும் வீடும் கொடுப்பதைப் பற்றி விரிவாகப் பேசும். ஒல்லாந்தர் அதை 1707இல் எழுத்தில் தொகுத்தும் வைத்தார்கள். ஆனால் கொலனிக் காணியின் உரித்துக்கு அந்த வழமை செல்லாது. மகள்மாருக்குச் சீதனம் கொடுத்தே பழகிய சனத்தைக் கொண்டுவந்து, மகனுக்கு முதலிடம் கொடுக்கிற சட்டத்துக்குக் கீழே குடியமர்த்தியிருக்கிறார்கள்! அந்தத் தகப்பனார் எவ்வளவு முன்யோசனைக்காரர் என்று நினைத்து நினைத்து வியந்துகொண்டிருக்கிறேன்.

கிராம அலுவலரின் சிபார்சு, கரைச்சிப் பிரதேச செயலகத்தின் காணிக் கிளை, நில அளவைப் படம், எல்லைக் கல் தேடிப் பற்றைக்குள் நுழைந்தது என்று அது கொஞ்சக் காலம் ஓடியது. அதை எழுதிச் சலிப்பூட்ட விரும்பவில்லை. ஒன்று மட்டும்: பொறுமையாகக் கேட்டால் காணிக் கிளையில் எல்லாம் விளங்கப்படுத்துகிறார்கள். நான் கேள்வி கேட்கிற தொழில் செய்கிறவள், கேட்டேன்.

நெதர்லாந்தில் இருக்கிற என் மச்சாளும் ஏறக்குறைய அதே காலத்தில் வீடு வாங்கினா. அதுவும் பழையது, 1930களில் கட்டியது. முன்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கிற யன்னல், மேலே வண்ணக் கண்ணாடி, அமைதியான தெரு. அங்கே ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்த பிறகும் வாங்குகிறவருக்கு மூன்று நாள் யோசிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறதாம். மனம் மாறினால் காரணம் சொல்லாமலே விலகலாம். கட்டடத்தைச் சோதிக்கிறதுக்கென்றே படித்தவர்கள் வந்து கூரை, அத்திவாரம், ஈரம் எல்லாம் பார்த்து அறிக்கை எழுதிக் கொடுப்பார்களாம். மாடிப்படி செங்குத்து, அலுமாரியை யன்னலால் கயிறு கட்டித்தான் ஏற்றினோம் என்று போனில் காட்டினா. நான் எங்கள் விறாந்தையைக் காட்டினேன். "எங்களுக்குப் பேப்பர் சரி, வீட்டிலைதான் சந்தேகம். உங்களுக்கு வீடு சரி, பேப்பரிலைதான் சந்தேகம்" என்று சொல்லிச் சிரித்தா. இருவரும் அவரவர் வீட்டைப் புகழ்ந்து ஒரு மணித்தியாலம் போட்டியாகக் கதைத்தோம். நான்தான் வென்றேன், அவவிடம் கிணறு இல்லை.

எங்களுக்கு அறிக்கை எழுதிக் கொடுக்க ஒரு மேசன் ஐயா இருந்தார். ஒரு கம்பியை எடுத்துக்கொண்டு சுவர் சுவராகத் தட்டிக்கொண்டு போனார். "சீமெந்துக் கல்லு, காங்கேசன்துறைச் சீமெந்து. உந்தச் சுவரை இடிக்கிறதுக்கும் எனக்குக் கூலி தரவேணும்" என்றார். குசினிக் கூரையின் சிலாகைகள் மட்டும் போய்விட்டன, அவற்றை மாற்ற வேண்டும் என்றார். அவ்வளவுதான் அறிக்கை. அதன்பிறகு அவர் சொன்ன ஒன்று பெரிய படிப்பு: "சுவரைப் பாக்கிறதை விட்டிட்டு, 2018 வெள்ளம் எங்கை மட்டும் வந்தது எண்டு அயலுக்கை விசாரியுங்கோ." அந்த டிசம்பரில் இரணைமடு நிரம்பி வான்கதவுகளைத் திறந்தபோது கிளிநொச்சி மாவட்டத்தில் பல ஊர்கள் தண்ணீருக்குள் கிடந்தன. விசாரித்தோம். எங்கள் வளவில் படலையடியோடு நின்றுவிட்டதாம். ஐம்பது வருஷத்துக்கு முன்பு மிளகாய் விற்றவர், வளவில் மேடான இடத்தைத் தேடி, அதற்கு மேல் மூன்றடி அத்திவாரம் உயர்த்தியிருக்கிறார். வாழ்க அவர்!

சுவரில் சன்னம் பட்ட குழிகள் இருந்தன, முன் விறாந்தையில் கொஞ்சம், தெற்குச் சுவரில் கூடுதலாக. அப்படியே விடுங்கள், வரலாறு என்று ஒரு நண்பர் சொன்னார். வரலாறு என்றால் நூதனசாலைக்குக் கொடுக்கட்டும். என் பிள்ளைகள் படுக்கிற அறைச் சுவர் எனக்கு ஒப்பரவாக இருக்க வேண்டும். எல்லாவற்றையும் பூசச் சொல்லி, மேலே மெல்லிய மஞ்சள் அடித்துவிட்டோம்.

மற்றதெல்லாம் பழையபடியே. சிவப்புச் சீமெந்துத் தரை இருக்கிறதே, அதைப் பற்றி மட்டும் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். முதலில் பார்த்தபோது மண் நிறம். கழுவி, சிவப்புப் பொலிஷ் போட்டு, பொச்சுமட்டையால் முழங்காலில் நின்று தேய்க்கத் தேய்க்க, உள்ளேயிருந்து ஒரு நிறம் வந்தது பாருங்கள், மாதுளம்பழம் உடைத்தது போல. மத்தியானத்தில் அந்தத் தரையில் பாய் இல்லாமல் படுத்தால் மின்விசிறி தேவையில்லை. அவரே இப்போது அப்படித்தான் படுக்கிறார், மாபிளைப் பற்றிப் பேச்சே இல்லை. கூரைக்கு ஓட்டை எடுத்துவிட்டுச் சீற் போடுங்கள், மலிவு என்று சொல்லாத ஆளில்லை. மலிவுதான், ஆனால் பங்குனி, சித்திரையில் அதற்குக் கீழே இருந்து பார்க்க வேண்டும். ஆச்சி வீட்டார் 2010இல் திரும்பி வந்தபோது பாதிக் கூரைக்குத்தான் ஓடு மிஞ்சியிருந்ததாம். மீதியை இரண்டாம் கையாக வாங்கி அடுக்கியிருக்கிறார்கள். நிறம் இரண்டு வகை, எனக்கு அதுவும் பிடிக்கும்.

அறைகளின் யன்னல்கள் தெற்குப் பார்த்தவை. வைகாசி பிறந்து சோளகக் காற்று எழும்பினால் தெற்கால் புகுந்து, வாசல் வாசலாகக் கடந்து, குசினிப் பக்கத்தால் வெளியேறும். சுவருக்கு மேலே பூவேலைச் சீமெந்துக் கற்கள் வைத்திருக்கிறார்கள், சூடான காற்று போக. பக்கத்தில் ஒரு நெல் அறை, மூட்டை அடுக்குகிற அளவு. எங்களிடம் வயல் இல்லை, அது இப்போது சாதாரண தரப் பரீட்சை எடுக்கிற மகனுடைய படிப்பறை. நெல் மணம் இன்னும் போகவில்லை. "அம்மா, படிக்கேக்கை பசிக்குது" என்கிறான். நடு அறையின் வளையில் ஏணை கட்டுகிற இரும்பு வளையம் ஒன்று இருக்கிறது. ஆச்சியின் பிள்ளைகள் எல்லாரும் அதில்தான் ஆடினார்களாம். அதைக் கழற்றச் சொன்ன வேலைக்காரப் பொடியனை நான் கலைத்துவிட்டேன்.

போருக்குப் பின் வந்த வீட்டுத்திட்டங்களை நான் குறைவாகப் பேச மாட்டேன். இந்திய வீட்டுத்திட்டத்தில் ஐந்தரை இலட்சம் ரூபா கிடைத்ததால்தான் எத்தனையோ குடும்பங்கள் தறப்பாளுக்குக் கீழேயிருந்து எழும்பின, என் சொந்தத் தங்கச்சியும் அதில் ஒருத்தி. அவை அவசரத்துக்கு வந்த வீடுகள், அந்த வேலையைச் செய்தன. ஆனால் ஒருவர் தன் உழைப்புக் காசில், காற்று எங்கால் வரும், நெல் எங்கே வைப்பது, பிள்ளையை எங்கே ஆட்டுவது என்று யோசித்து யோசித்துக் கட்டிய வீட்டின் சுகம் வேறு. அதை அனுபவிக்கிறவள் சொல்கிறேன்.

இனி வெளியே வாருங்கள். வளவில் கறுத்தக்கொழும்பான் ஒன்று, பலா இரண்டு, தென்னைகள், தேசி, கிணற்றடியில் கமுகு. புது வீடு கட்டினால் சுவர் ஆறு மாதத்தில் எழும்பும், மாமரத்துக்கு யார் வயது கொடுப்பது? வேலி கிளுவைக் கதியால், வருஷத்துக்கு ஒரு முறை வெட்டிக் கட்டினால் போதும். கிணறு எங்கள் ராசாத்தி. இரணைமடுவின் வலதுகரை வாய்க்காலில் சிறுபோகத்துக்குத் தண்ணீர் விட்டார்கள் என்றால் கிணற்று மட்டமும் ஏறத் தொடங்கும். வன்னியில் வேறு இடங்களில் ஆவணி மாதம் பவுசர் பார்த்துக் காத்திருக்கிற சனத்தை நினைத்தால் இது எவ்வளவு பெரிய கொடுப்பினை. குளத்தில் 36 அடி நிறைந்துவிட்டது என்று செய்தி வந்தால் இப்போது எனக்கும் வயல்காரரைப் போலவே முகம் மலர்கிறது, ஒரு பரப்பு வயல்கூட இல்லாமலே.

ஒழுங்கை அப்படியொரு அமைதி. விடிய மயில் அகவும், அது அமைதியில் சேராது என்று மகள் சொல்கிறாள். பிறகு ஒரு லான்ட்மாஸ்ரர் தடதடத்து வயலுக்குப் போகும். மீன்காரர் கோன் அடிப்பார். பின்னேரம் பாண் ஓட்டோ, இலங்கை முழுக்க அது வாசிக்கிற அதே மெட்டோடு வரும். அந்த மெட்டு பீத்தோவன் போட்டது. வியன்னாவில் பியானோவுக்கு எழுதியதைக் கேட்டு வட்டக்கச்சியில் நாய்கள் ஓடிவருகின்றன, மாலுபாண் வாங்க நானும் ஓடுகிறேன். குடிபூரலன்று பால் காய்ச்ச அடுப்பு மூட்டுகிற போதே அயலார் வந்துவிட்டார்கள். ஒருவர் வாழைக்குலை, ஒருவர் பாதி மூட்டை மொட்டைக்கறுப்பன் அரிசி. ஆச்சி வவுனியாவிலிருந்து வந்து, நிறைகுடம் வைக்க வேண்டிய இடத்தைக் காட்டிவிட்டு, "இஞ்சை வைச்சாத்தான் காத்துக்கு விளக்கு நூராது" என்றார்.

குறை இல்லையா? இருக்கிறது. குளிக்கிற இடமும் மலசலகூடமும் வெளியே, மாரியில் குடையோடு போக வேண்டும். குரங்குகள் பலாப்பிஞ்சுக்கு எங்களிடம் அனுமதி கேட்பதில்லை. பன்னங்கண்டியால் நகரத்துக்குப் போகிற பஸ்ஸைத் தவற விட்டால் ஓட்டோதான். இதையெல்லாம் சொன்னால் விற்கப் போகிறீர்களா என்று கேட்கிறார்கள். ஒரு கோடி தந்தாலும் இல்லை!

வட்டக்கச்சியிலும் இராமநாதபுரத்திலும் மிளகாய்க் காலத்து வீடுகள் இன்னும் அங்கொன்று இங்கொன்றாகப் பூட்டிக் கிடக்கின்றன. உரிமைக்காரர் வெளிநாட்டில், சுவரில் ஆலங்கன்று. வாங்க வருகிறவர்களில் பலர் காணியைத்தான் கணக்குப் பார்க்கிறார்கள், வீட்டை இடிக்கிற செலவாக எழுதுகிறார்கள். நீங்கள் அந்தப் பக்கம் வருவதாக இருந்தால் முதலில் பிரதேச செயலகத்தில் அது அளிப்பா பெர்மிட்டா என்று பாருங்கள். அடுத்து 2018 வெள்ளத்தை விசாரியுங்கள். அதற்குப் பிறகும் இடிக்கத்தான் வேண்டும் என்று தோன்றினால், எங்கள் வீட்டுக்கு ஒரு மத்தியானம் வந்து அந்தச் சிவப்புத் தரையில் படுத்து எழும்பிவிட்டு முடிவு எடுங்கள். சாப்பாடு நான் தருகிறேன்.